இல்லத்திற்கேற்ற சிற்றொலிபெருக்கி

தோற்றுவாய்

காஞ்சிபுரத்திற்கும் செங்கற்பட்டிற்கும் இடையே, பாலாற்றங்கரையில், பத்மகிரி என்னும் குன்றினை அடுத்து அமைந்த ஊர் பழையசீவரம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் அதன் எதிரே உள்ளது. அக்கரையிலுள்ள ஊர் திருமுக்கூடல் எனப் பெயர் பெற்றதும் அதுபற்றியே. தைத்திங்களிற் பொங்கலை ஒட்டிக் காஞ்சி வரதராசப் பெருமாள் பார்வேட்டைக்காக இவ்வூர்க்கு எழுந்தருளுங்கால் நாகசுரமும் தவிலும் ஆற்றுவெளி எங்கும் முழங்கும். அந்நாள் ஒழிந்த ஏனை நாள்களில் இசை கேட்க விழைவார்க்கு வானொலியும் இசைப்பதிவுகளுமே துணையாவன.

அவ்வூரில் எம் பெரிய தந்தையார் வாழ்கின்றார். பள்ளியாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். தம் இளமையில் புகைவண்டியேறிச் சென்னைக்குச் சென்று மார்கழிக் கச்சேரிகளைக் கேட்டு மீள்வார்; இப்பொழுதோ முழங்கால் நோவும் எண்பதை எட்டிய அகவையும் அவரைக் கூடத்துச் சாய்வு நாற்காலியோடு நிறுத்திவிட்டன. சில ஆண்டுகளுக்கு முன் அவர் எம்மை அழைத்து, "தம்பி, நெல் விற்ற பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். வீட்டிலிருந்தே பாட்டுக் கேட்க நல்ல ஸ்பீக்கராகப் பார்த்து வாங்கிக் கொடு, நீ படித்தவன், உனக்குத் தெரியும்" என்றார்.

யாம் கடையொன்றிற் புகுந்து, பேருருவமும் நீல விளக்கும் உடையதாய், ஆயிரக்கணக்கில் வாட் எண் பொறித்ததாய் இருந்த தொகுதியொன்றை வாங்கிக் கொடுத்தேம். அது முழங்கிற்று, சன்னற் கதவுகள் நடுங்கின. பெரிய தந்தையார் மூன்று நாள் பொறுத்துக் கேட்டார். நான்காம் நாள், "பாட்டுக் கேட்கிறது தம்பி, சாகித்தியம் கேட்கவில்லை" என்று சொல்லி, அதன்மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்து மூடிவிட்டார். எம்மை ஒரு சொல்லும் கடிந்திலர். கடிந்திருப்பின் எமக்குச் சிறிது ஆறுதலாக இருந்திருக்கும்.

பொருளை விற்றவர்மீது யாம் குறை கூறுதற்கில்லை. ஒலியைப்பற்றிக் கல்லூரியிற் பாடங்கேட்டுத் தேர்வும் எழுதிய யாம், அப்பாடத்தைக் கடைவாயிலிலேயே விட்டுச் சென்றது எம் பிழையே. அப்பிழையைத் திருத்தப் புகுந்த காலத்து யாம் மீண்டும் கற்றவற்றை, நம் கல்லூரி மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் பயன்படுமாறு ஈண்டுச் சுருங்கக் கூறுவேம். குறைந்த பொருட்செலவில் இல்லத்திற்கு ஒலிபெருக்கி தேடுவோர் நாடவேண்டியது முழக்கமன்று, தெளிவு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. ஒலிபெருக்கி இயங்குமாறு

ஒலியென்பது காற்றின் அதிர்வு. வினாடிக்கு 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வுகளை மக்கட் செவி ஒலியாக உணரும். வினாடிக்கு ஓரதிர்வை ஒரு ஹெர்ட்ஸ் என்பர். அதிர்வு குறையுமாயின் தாழ்ந்த சுரமும், மிகுமாயின் உயர்ந்த சுரமும் பிறக்கும். அகவை ஏறுந்தோறும் உயர்ந்த அதிர்வுகளை உணரும் ஆற்றலே முதலிற் குன்றும். உயிரெழுத்துக்களின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வுகளிலும், க, ச, த முதலிய மெய்களை வேறுபிரித்துக் காட்டும் ஒலிகள் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வுகளிலும் அமைந்துள்ளன. ஆதலின் முதியோர்க்குக் குரல் கேட்பினும் சொல் தெளியாமற் போகின்றது. அன்றியும், தாழ்ந்த ஒலி மிக வலிதாய் முழங்குங்கால் அது தனக்கு மேலுள்ள உயர்ந்த ஒலிகளைச் செவிக்குப் புலனாகாதவாறு மறைக்கும் இயல்புடையது. எம் பெரிய தந்தையார்க்குச் சாகித்தியம் கேளாமைக்கு இவ்விரண்டும் ஒருங்கே காரணமாயின.

இன்று நாம் காணும் ஒலிபெருக்கிகளுள் மிகப் பெரும்பாலானவை, 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சார்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் வகுத்துக் காட்டிய முறையிலேயே இயங்குவன. காந்தம் ஒன்றின் இடைவெளியிலே மெல்லிய செப்புக்கம்பிச் சுருள் ஒன்று தொங்கும். பாட்டின் வடிவாக மாறி மாறி வரும் மின்னோட்டம் அச்சுருளிற் பாய, அது முன்னும் பின்னும் அசையும். சுருளோடு ஒட்டிய கூம்பு வடிவான தாளும் உடன் அசைந்து காற்றைத் தள்ளும். அவ்வளவே. கூம்பின் விளிம்பை ரப்பராலாவது நுரைப்பொருளாலாவது ஆகிய வளையம் ஒன்று தாங்கி நிற்கும்.

தாழ்ந்த சுரத்திற்கு மிகுதியான காற்றை அசைக்கவேண்டுதலின் அகன்ற கூம்பு வேண்டும். உயர்ந்த சுரத்திற்கு விரைந்து அசையவேண்டுதலின் சிறிய, இலேசான உறுப்பு வேண்டும். ஆகவே நல்ல சிற்றொலிபெருக்கிகளில் நான்கு முதல் ஆறரை அங்குலக் கூம்பு ஒன்றும், ஓரங்குல அளவான குவிமுகம் ஒன்றும் இருக்கும். முன்னதை வூஃபர் என்றும் பின்னதை ட்வீட்டர் என்றும் கடைகளில் வழங்குவர். ஏறக்குறைய 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் அளவில் ஒலியை இரண்டாகப் பகுத்து இவற்றிற்கு ஈயும் மின்னமைப்பிற்குக் கிராஸ்ஓவர் என்பது பெயர். பாடுவோர் குரலின் தெளிவு அமைவது இவ்வெல்லையை ஒட்டியே ஆதலின், அவ்விரண்டும் இசைந்து பொருந்துதல் இன்றியமையாதது.

2. பெட்டியின் தொழில்

கூம்பு முன்னே காற்றை நெருக்குங்கால் பின்னே காற்று நெகிழும். முன்னொலியும் பின்னொலியும் கலக்குமாயின் தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். பெட்டியிலிருந்து கழற்றிய ஒலிபெருக்கி மெலிந்து கீச்சென ஒலிப்பது இதனாலேயே. ஆகவே பெட்டியென்பது அழகிற்காக வைத்ததன்று. அது கருவியின் உறுப்பே.

முற்காலத்தில் தாழ்ந்த சுரம் வேண்டுவோர் பீரோவை ஒத்த பெட்டிகளை வைத்துக்கொண்டனர். 1954இல் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சூர் என்பார், முற்றும் மூடிய சிறு பெட்டியினுள் அடைபட்ட காற்றையே கூம்பிற்கு விற்சுருளாக ஆக்கி, சிறிய பெட்டியிலிருந்தும் தாழ்ந்த சுரத்தைத் தெளிவாகப் பெறலாம் என்று காட்டினார். நூலலமாரித் தட்டில் வைக்கத்தக்க ஒலிபெருக்கி என்னும் வழக்குப் பரவியது அதன் பின்னரே. மற்றொரு வகை, பெட்டியிற் குழலொன்று அமைத்துப் பின்னொலியையும் பயன்கொள்வது. 1961இல் ஆஸ்திரேலியாவின் தீல் என்பாரும், பின்னர் ஸ்மால் என்பாரும் பெட்டியளவையும் குழலளவையும் கணக்கிட்டறியும் முறையை வகுத்தனர். அதன்பின் பெட்டி செய்தல் கைத்திறனோடு கணிதமும் கூடிய தொழிலாயிற்று.

சிறு பெட்டிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தார், வெளியிடங்களுக்குச் செல்லும் வண்டிகளில் இருந்து ஒலிபரப்பைச் சோதித்தற்கென 1970களின் தொடக்கத்தில் எல்.எஸ்.3/5ஏ என்னும் ஒலிபெருக்கியை வகுத்தனர். அதன் உயரம் ஏறக்குறைய 30 செ.மீ., அகலம் 19 செ.மீ. மட்டுமே. இடியோசை அதனிடம் இல்லை. பெரு முழக்கமும் இல்லை. மக்கட் குரலை உள்ளவாறு காட்டும் பண்பு ஒன்றினாலேயே அது அரை நூற்றாண்டாக மதிக்கப்பட்டு வருகின்றது. இதனை முன்னரே அறிந்திருப்பின் யாம் நீல விளக்கைக் கண்டு மயங்கியிரேம்.

3. எண்களை நோக்கும் முறை

கடையில் பெட்டியின்மேல் எண்கள் பல அச்சிட்டிருக்கும். அவற்றுள் நான்கினை மட்டும் நோக்கினாற் போதும்.

முதலாவது வாட். பி.எம்.பி.ஓ. என்னும் எழுத்துக்களோடு வரும் வாட் எண் கணத்தினும் சிறிய நேரத்து உச்ச நிலையைக் குறிப்பதாகச் சொல்லப்படுவது. அதனை அளத்தற்குப் பொதுவான நியதி ஒன்றும் இல்லை. ஆயிரம் என்று எழுதினும் பத்தாயிரம் என்று எழுதினும் வேற்றுமையில்லை. ஆர்.எம்.எஸ். என்னும் எழுத்துக்களோடு வரும் எண்ணே தொடர்ந்து தரத்தக்க ஆற்றலைக் குறிப்பது. அவ்வெண் இல்லாத பொருளை விலக்குக.

இரண்டாவது உணர்திறன். ஒரு வாட் ஆற்றலைக் கொடுத்து, ஒரு மீட்டர் தொலைவில் நின்று அளந்தால் எத்துணை டெசிபல் ஒலி எழும் என்பதே அது. சிற்றொலிபெருக்கிகளில் இது பெரும்பாலும் 82 முதல் 90 வரை இருக்கும். இங்கே ஒரு சிறு கணக்கு. ஆற்றலை இருமடங்காக்கின் ஒலி 3 டெசிபல் கூடும். பதின்மடங்காக்கின் 10 டெசிபல் கூடும். திறந்த வெளியில் தொலைவு இருமடங்காயின் 6 டெசிபல் குறையும். அறையினுள் அத்துணை குறையாது. 86 டெசிபல் உணர்திறனுடைய ஒலிபெருக்கி, இரண்டு மீட்டர் தொலைவில் அமர்ந்திருப்பார்க்கு ஒரு வாட்டிலேயே 80 டெசிபல் தரும். இரண்டு ஒலிபெருக்கிகள் சேரின் ஏறக்குறைய 83 ஆகும். இருவர் ஒருவரோடொருவர் இயல்பாகப் பேசுதல் ஏறக்குறைய 60 டெசிபலே. எனவே வீட்டுக் கூடத்தில் நாம் நாள்தோறும் கேட்கும் இசைக்கு ஒரு வாட்டும் முழுமையாகச் செலவாவதில்லை! மிருதங்கத்தின் தனியாவர்த்தனத்தில் திடீரென எழும் அடிகளுக்கு இடம்விட்டு, ஒவ்வொரு பக்கமும் 20 முதல் 30 வாட் ஆர்.எம்.எஸ். வைத்துக்கொண்டால் போதியதாகும். 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரத்திற்கு மேற்படக் கேளாதிருத்தல் நலம் என்று உலக சுகாதார நிறுவனத்தார் கூறுவதையும் இங்கு நினைத்தல் தகும்.

மூன்றாவது மின்தடை. இது 4, 6, 8 ஓம் என்று குறிக்கப்பெறும். எண் குறையக் குறைய ஆம்ப்ளிபயருக்குச் சுமை மிகும். விலை குறைந்த ஆம்ப்ளிபயரோடு 8 ஓம் ஒலிபெருக்கியை இணைப்பது அச்சமற்ற வழி.

நான்காவது அதிர்வெல்லை. "40 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" என்று மட்டும் எழுதியிருப்பின் அதற்குப் பொருளில்லை. அவ்வெல்லைக்குள் ஒலி எத்துணை ஏறி இறங்குகின்றது என்பதும் உடன் கூறப்படல் வேண்டும். "60 முதல் 20,000 வரை, 3 டெசிபலுக்கு மேற்படாத ஏற்றத்தாழ்வோடு" என்றிருப்பின் அதனை நம்பத்தக்க எண்ணாகக் கொள்ளலாம்.

4. நம் இசைக்கு வேண்டும் அளவு

"தாழ்ந்த சுரம் எதுவரை வேண்டும்?" என்னும் வினாவிற்கு விடை நாம் எதனைக் கேட்கின்றோம் என்பதைப் பொறுத்தது. திரைப்படத்து இடியோசையும் வெடியோசையும் வேண்டுவோர்க்கு 20, 30 ஹெர்ட்ஸ் வரை இறங்கவேண்டும். அதற்குச் சப்வூஃபர் என்னும் தனிப்பெட்டி தேவைப்படும். கருநாடக இசைக்கு அவ்வாறன்று.

ஒரு கட்டைச் சுருதியிற் பாடும் ஆண்மகனின் ஆதார ஸட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். அவர்க்குச் சேர்த்த தம்புராவின் மந்தரத் தந்தி அதிற் பாதி, 65 ஹெர்ட்ஸ் அளவினது. ஐந்து கட்டையிற் பாடும் பெண்மகளின் ஆதார ஸட்ஜம் ஏறக்குறைய 196 ஹெர்ட்ஸ். அவர் தம்புராவின் மந்தரம் 98. எனவே 60 ஹெர்ட்ஸை ஒட்டி நேர்மையாக இறங்கும் சிற்றொலிபெருக்கி ஒன்று நம் கச்சேரிக்குப் பெரும்பாலும் போதும். மேலும், தம்புராவின் இனிமை அதன் அடிச்சுரத்தில் அன்று, அதன்மேல் அடுக்கடுக்காக எழும் உபசுரங்களிலே தங்கியுள்ளது. அடிச்சுரம் சிறிது மெலிந்தாலும், அவ்வுபசுரங்களைக் கொண்டு செவி தானே அதனை நிரப்பிக்கொள்ளும்.

மிருதங்கத்தின் இயல்பும் இங்கு அறியத்தக்கது. பொதுவாகத் தோற்கருவிகளின் உபசுரங்கள் ஒன்றோடொன்று இசையமாட்டா. ஆதலின் அவை சுரமாக ஒலியாமல் ஓசையாகவே ஒலிக்கும். மிருதங்கத்தின் வலந்தலை நடுவே இட்ட கருஞ்சாந்து, அவ்வுபசுரங்களை ஒழுங்குபடுத்திச் சுருதியோடு இசையச் செய்கின்றது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி. வி. இராமன் இதனை 1920இலும், பின்னர் விரிவாக 1934இலும் ஆராய்ந்து வெளியிட்டார். நம் முன்னோர் கைத்தொழிலாகக் கண்டதன் காரணத்தை அவர் பௌதிக நூல் முறையில் விளக்கினார். இடையிலுள்ள சுரங்களை ஏற்றியும் இறக்கியும் காட்டும் ஒலிபெருக்கி அவ்வொழுங்கைக் கெடுத்து, மிருதங்கத்தை வெறும் பறையோசையாக்கிவிடும். யாம் முதலில் வாங்கிய தொகுதியில் நேர்ந்தது அதுவே. தொப்பியின் ஒலி மட்டும் "தொம் தொம்" என வீட்டை நிரப்ப, வலந்தலையின் சொற்கள் அதனுள் மூழ்கின.

பழைய இசைத்தட்டுப் பதிவுகளைக் கேட்பார்க்கும் ஒரு சொல். 78 சுற்றுத் தட்டுக்களில் உயர்ந்த அதிர்வுகள் மிகக் குறைவாகவே பதிவாயின. எத்துணை விலையுயர்ந்த ஒலிபெருக்கியும் பதிவில் இல்லாததைத் தரமாட்டாது. அப்பதிவுகளுக்கு விலை வேண்டுவதில்லை. குரற்பகுதியை மிகைப்படுத்தாது காட்டும் நேர்மையே வேண்டும்.

5. கொள்ளுமாறு

இல்லத்துச் சிற்றொலிபெருக்கிகள் இருவகைப்படும். ஆம்ப்ளிபயர் உள்ளே அமைந்தது ஒன்று. தனி ஆம்ப்ளிபயரை வேண்டுவது மற்றொன்று. முன்னது செலவு குறைந்தது. கைபேசியையும் தொலைக்காட்சியையும் நேரே இணைக்கலாம். இடமும் சிறிதே கொள்ளும். ஆயின் அதன் மின்னுறுப்புப் பழுதுபடின் முழுப் பெட்டியும் ஓய்ந்துவிடும். பின்னதில் ஆம்ப்ளிபயர் கெட்டால் அதனை மட்டும் மாற்றலாம். ஒலிபெருக்கி பல ஆண்டு உழைக்கும். மின்னழுத்தம் ஏறியிறங்கும் சிற்றூர்களில் இரண்டாம் வகையைக் கொள்ளுதல் நலம் என்பது எம் கருத்து. எளிமையை விரும்புவோர் முதல்வகையைக் கொள்ளினும் பிழையில்லை.

ஒருவர் பயன்படுத்திய பழைய பொருளை வாங்குதல் இழிவன்று. குறைந்த செலவில் உயர்ந்த பொருள் கிடைப்பது அவ்வழியிலேயே. ஆயின் மூன்றினை நோக்குக. கூம்பின் விளிம்பு நுரைப்பொருளாயின் அது நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் பொடிந்து உதிரும். ரப்பர் விளிம்பே நெடுநாள் நிற்கும். கூம்பை இருபுறமும் விரல் வைத்து மெல்ல அழுத்தி விடுக. உரசும் ஓசை கேட்பின் சுருள் நிலைபெயர்ந்தது என்றறிக. ட்வீட்டரின் அருகே செவி வைத்து, அது உண்மையில் ஒலிக்கின்றதா என்றும் காண்க. எரிந்துபோன ட்வீட்டரோடு ஆண்டுக்கணக்கில் பாட்டுக் கேட்டிருப்போரை யாம் அறிவேம்.

சென்னையில் அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெரு மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்றது. அங்கே செல்வோர் இன்ன பொருள் வேண்டும் என்று முன்னரே எழுதிக்கொண்டு செல்லுதல் நலம். இணைக்கும் கம்பிக்குப் பெரும் பணம் செலவிடற்க. சில மீட்டர் தொலைவிற்குச் சாதாரணச் செப்புக் கம்பியே போதும். சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் பிழையின்றி இணைத்தலே முதன்மையானது. ஒரு பக்கம் மாறிவிட்டால் இரு கூம்புகளும் எதிரெதிராக அசைந்து, தாழ்ந்த சுரம் அழிந்து, பாடுபவர் இருக்குமிடம் தெரியாமற் குரல் அலையும்.

6. இருப்பிடமும் அறையும்

நூலலமாரி ஒலிபெருக்கி என்னும் பெயரைக் கேட்டுப் பலர் அதனை உயர்ந்த தட்டிலோ பரணிலோ ஏற்றிவிடுகின்றனர். இது பெரும் பிழை. 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 11 செ.மீ.; 50 ஹெர்ட்ஸ் ஒலியினது ஏறக்குறைய 7 மீட்டர். நீண்ட அலை எத்திசையும் வளைந்து பரவும். குறுகிய அலையோ விளக்கொளி போல நேரே செல்லும். ஆகவே ட்வீட்டர் கேட்பவரது செவிக்கு நேரே இருத்தல் வேண்டும். மேல்நாட்டு நூல்கள் நாற்காலியில் அமர்வாரை எண்ணி உயர்ந்த தாங்கிகளைக் கூறும். பாயிலே அமர்ந்து கேட்பார்க்கு அவ்வுயரம் மிகை. தாழ்ந்த முக்காலி இரண்டே போதும். சாய்வு நாற்காலியில் இருப்பார்க்கு அதற்கேற்பச் சிறிது உயர்த்துக.

இரண்டு ஒலிபெருக்கிகளும் கேட்பவரும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைதல் நன்று. இரண்டு மீட்டர்ப் பக்கம் சிறு கூடத்திற்கு ஏற்றது. சுவரையும் தளத்தையும் அணுக அணுகத் தாழ்ந்த சுரம் பெருகும்; மூலையில் வைப்பின் மிகப் பெருகிக் கொழகொழக்கும். பின்புறம் குழலுடைய பெட்டியாயின் சுவரினின்று ஓரடியேனும் முன்தள்ளி வைக்க. இம்மாற்றத்திற்குக் காசு வேண்டா; ஆயினும் இதனால் விளையும் பயன், இருமடங்கு விலையாலும் சில வேளை விளையாதது.

அறையின் ஆற்றலை முதன்முதல் அளந்து கண்டவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து வாலஸ் சபைன் என்னும் பேராசிரியர். அங்கே புதிதாகக் கட்டிய சொற்பொழிவு மண்டபம் ஒன்றில் பேசுவோர் சொல் ஒருவர்க்கும் விளங்கவில்லை. ஒரு சொல்லின் எதிரொலி ஐந்து வினாடிக்கு மேலும் நீடித்தமையால், அடுத்த சொற்கள் அதனுள் மறைந்தன. 1895ஆம் ஆண்டு முதல் சபைன் இரவு நேரங்களில் வேறொரு மண்டபத்திலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து அங்கே பரப்பி, எத்துணை மெத்தைக்கு எதிரொலி எத்துணை குறைகின்றது என்று அளந்து, அதனைச் சூத்திரமாக்கினார். சிமெண்டுத் தளமும், வெற்றுச் சுவரும், கண்ணாடிச் சன்னலும் உடைய நம் கூடங்களும் அம்மண்டபத்தின் சிறு வடிவங்களே. கையைத் தட்டிப் பாருங்கள். ஓசை "ணங்" என நீளுமாயின், பஞ்சு மெத்தை ஒன்றும், கனத்த திரையும், நூல்கள் நிறைந்த அலமாரியும் அதனை அடக்கும். கோரைப்பாய் மட்டும் அதற்குப் போதாது, அது மெல்லியது.

7. செவிச்சோதனை

எண்களை நோக்கி இரண்டு மூன்று கருவிகளைத் தெரிந்தெடுத்தபின் செவியே நடுவராதல் வேண்டும். ஆயின் செவி கண்ணுக்கு அடிமை. 1994இல் டூல், ஆலிவ் என்னும் இரு அறிஞர் அமெரிக்காவில் நடத்திய சோதனையில், ஒரே ஒலிபெருக்கிகளைக் கண்ணாற் கண்டு கேட்டபோதும் திரைமறைவில் கேட்டபோதும் கேட்போரின் மதிப்பு மாறியது. உருவமும் பெயரும் செவியை ஏமாற்றின.

இவ்விடத்து எம் பெரிய தந்தையார் ஊர்க்குச் சேய்மையில் இல்லாத உத்திரமேரூர் எம் நினைவிற்கு வருகின்றது. முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளில் அவ்வூர்க் கோயிற் சுவரிற் பொறித்த விதிகளின்படி, வாரியத்திற்கு உரியாரைத் தெரிந்தெடுக்கும்போது முதலில் நிலம், அகவை, கல்வி முதலிய தகுதிகளை நோக்கினர். பின்னர்ப் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, எழுத்து வேற்றுமை அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். தகுதியை அறிவு நோக்கும். தெரிவில் முகத்தாட்சண்யம் புகாது. ஒலிபெருக்கிக்கும் இம்முறையே ஏற்றது. எண்களால் தகுதி கண்டபின், நண்பர் ஒருவரை மாற்றி மாற்றி இயக்கச் சொல்லி, விலையும் பெயரும் அறியாது கண்மூடிக் கேளுங்கள். இரண்டின் ஒலியளவும் ஒத்திருத்தல் வேண்டும். சிறிதே உரத்து ஒலிப்பது சிறந்ததாகத் தோன்றும் என்பது நெடுநாள் அறிந்த மயக்கம்.

எதனைக் கேட்பது? முதலில், நன்கு பழகிய ஒருவர் பேச்சு. அவர் மார்பிலிருந்து பேசுவது போலவோ மூக்கிலிருந்து பேசுவது போலவோ மாறித் தோன்றலாகாது. அடுத்து, இரு பக்கமும் ஒன்றாகப் பதிந்த பழைய பாட்டு. குரல் இரண்டிற்கும் நடுவே அசையாது நிற்றல் வேண்டும். மூன்றாவது தம்புரா, தந்திகள் நான்கும் தனித்தனியே தெரிந்து, பின் ஒன்றாய்க் கலத்தல் வேண்டும். நான்காவது மிருதங்கம், வலந்தலையும் தொப்பியும் ஒன்றையொன்று மறைத்தலாகாது. ஐந்தாவது வயலின், அரைமணி நேரம் கேட்டபின்னும் செவி கூசலாகாது. முதற்கணம் வியப்பூட்டுவது நாளடைவில் களைப்பூட்டுதல் உண்டு. ஆதலின் ஒரு பாட்டோடு முடிவு செய்யாதீர்கள்.

முடிவுரை

நிற்க. இவற்றையெல்லாம் கற்றபின், யாம் நண்பர் ஒருவரிடம் ஐந்தங்குலக் கூம்பும் ரப்பர் விளிம்பும் உடைய பழைய ஒலிபெருக்கி இரண்டையும், சிறு ஆம்ப்ளிபயர் ஒன்றையும் முதல் தொகுதியின் விலையிற் பாதிக்குங் குறைவாகப் பெற்று, பழையசீவரத்திற்குக் கொண்டு சென்றேம். இம்முறை பணம் எம்முடையது. கூடத்து மூலையை விட்டு நீக்கி, இரண்டு முக்காலிகள்மேல், சாய்வு நாற்காலியின் செவிமட்டத்திற்கு நேரே அவற்றை அமைத்தேம். எதிர்ச்சுவரில் பெரியம்மா தாமே மெத்தையொன்றைச் சார்த்தி வைத்தார்.

அன்று மாலை வானொலியில் வாய்ப்பாட்டு நிகழ்ந்தது. பெரிய தந்தையார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அனுபல்லவி வந்தபோது அவர் உதடுகள் சாகித்தியத்தோடு அசையத் தொடங்கின. பாட்டு முடிந்தபின், "பாடுகிறவர் இரண்டாம் அடியில் ஒரு சொல்லை விட்டுவிட்டார், தம்பி" என்றார். விட்ட சொல்லையும் அறியுமளவு ஒலி தெளிந்தது என்பதே எமக்குக் கிடைத்த சான்று. பழைய பெருந்தொகுதியை அவர் ஊர் இளைஞர்க்குக் கொடுத்துவிட்டார். விளையாட்டு விழாவின்போது அது வெளியிலே தன் குரலுக்கேற்ற இடம் பெற்று முழங்குகின்றது.

மாணவ நண்பர்களே, நம் ஊர்களிலுள்ள பெரியோர் ஒரு பொருள் வாங்கவேண்டுமாயின் விளம்பரத்தை நம்புவதில்லை. படித்த பிள்ளையாகிய நம்மையே நம்புகின்றனர். அவர்கள் நம் கையிற் கொடுப்பது ஒரு போகத்து விளைவிலிருந்து மிச்சம் பிடித்த பணம். தேர்வு எழுதியபின் மறந்துவிடும் பாடம், அந்நம்பிக்கைக்கு ஈடாகாது. டெசிபல் என்னும் சொல்லை வகுப்பறையிற் கற்ற நாம், கூடத்து நாற்காலியில் அமர்ந்த முதியவர் செவிக்குச் சாகித்தியம் தெளிவாகக் கேட்குமாறு அதனைப் பயன்படுத்துவோமாயின், அக்கல்வி நமக்கும் பிறர்க்கும் பயனுடையதாம்.